ஆறு கிலோ போர்வை

கங்கையா இருபத்தெட்டு வருடமாக மாங்காய் மண்டியில் எடை பிடிக்கிறவர். கூடைக்கு மேலே நல்ல காயும் அடியில் வெம்பலும் வைக்கிற விவசாயியையும், எடைமெஷினுக்கு அடியில் கல்லைச் செருகுகிற வியாபாரியையும் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணை மூடத் தெரியாது. மனைவி மணியம்மா வாங்கிவந்த பருப்புப் பொட்டலத்தைக் கையில் ஏந்தி, "அம்பது கிராம் கம்மி" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் மணியம்மாவுக்கு எரிச்சல்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குக் கத்திரி வெயிலில் ஒரு பார்சல் வந்தது. பெட்டி சின்னது, கனம் பெரியது. மகள் பிரியங்கா பிரித்தாள்.

"இன்னாம்மா இது? உள்ள இரும்பா கீது?"

"போர்வை நைனா. ஆறு கிலோ. உள்ள சின்னச் சின்னக் கண்ணாடி மணி போட்டுத் தெச்சிருக்காங்க. போத்திக்கினா உடம்ப அமுக்கும். தூக்கம் வரும்."

வடமாலபேட்டைப் பக்கம் மே மாதத்தில் போர்வை வாங்குகிறவள் ஏமாந்தவளாகத்தான் இருக்கவேண்டும் என்று கங்கையா அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டார். தூக்கத்துக்கு இதை எழுதிக் கொடுத்தவள் திருப்பதியில் இருக்கும் ஹரிப்ரியா என்கிற தெரபி மேடம். அவளுக்கும் போர்வை விற்கிறவனுக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கும் என்பது அவருடைய அடுத்த முடிவு.

பிரியங்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மேலே எதுவும் லேசாகப் படக்கூடாது. சட்டைக் காலர் உறுத்தும், தலையில் வைத்த பூ உறுத்தும், மின்விசிறிக் காற்றுகூட மேலே ஊர்வதுபோல் இருக்கும். மூன்று வயதில் கங்கையா ஆசையாகக் கன்னத்தை விரல் நுனியால் வருடினால் வீறிட்டு அழுவாள். பெற்ற மகளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அவர் அவளைத் தொடுவதையே விட்டுவிட்டார். இப்போது அவளுக்கு இருபத்து மூன்று. சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனியில் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து பகலில் தூங்கவேண்டும், தூக்கம்தான் வருவதில்லை. மெஷின் முன்னால் கண்ணயர்ந்ததற்கு ஏற்கெனவே ஒரு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

முதல் வேலையாகக் கங்கையா, அவள் ஷிப்டுக்குப் போன பிறகு போர்வையைச் சைக்கிளில் கட்டி மண்டிக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்தார். ஐந்து கிலோ தொள்ளாயிரத்து நாற்பது. "அறுபது கிராம் அடிச்சிட்டான் பாரு" என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் முகத்தில் கல்யாணக் களை.

ஆனால் பிரியங்கா தூங்கினாள். காலை எட்டரைக்குப் படுத்தால் மூன்று மணிவரைக்கும் அசைவே இல்லை. கங்கையாவின் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. இது தூக்கமா மயக்கமா? வாலிபத்தில் அவரை ஒருமுறை அமுக்குவான் பிசாசு அமுக்கியிருக்கிறது. நெஞ்சின்மேல் பாரம், கத்தினால் குரல் வராது. அதைத் துரத்த வேப்பிலை, விபூதி எல்லாம் தேவைப்பட்டது. அதே பாரத்தைக் காசு கொடுத்து வாங்கி நெஞ்சின்மேல் போட்டுக்கொள்கிற கூத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. மத்தியானம் சாப்பிட வரும்போதெல்லாம் மகள் மூக்குக்கு நேரே புறங்கையை நீட்டி மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். மூச்சு வரும். சோறு இறங்காது.

"நல்லாத் தூங்கறத பார்த்து வயிறு எரியறது நீ ஒருத்தன்தான்யா" என்றாள் மணியம்மா.

போர்வையைப் பிடுங்கினால் மகள் சண்டை போடுவாள். கங்கையாவுக்கு மண்டிப் பழக்கம்தான் வழி காட்டியது. அங்கே அழுகல், காம்பு என்று டன்னுக்கு இத்தனை கிலோ கழிவு தள்ளுவார்கள். அதிகமாகத் தள்ளினால் விவசாயி சட்டையைப் பிடிப்பான், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் யாருக்கும் தெரியாது. அப்படித் தள்ளுகிறவர்களை ஆயுள் முழுக்கக் கையும் களவுமாகப் பிடித்தவர், அன்று ராத்திரி மகள் ஷிப்டுக்குக் கிளம்பியதும் மேலுறையைக் கழற்றி, கட்டம் கட்டமாகத் தைத்திருந்த போர்வையின் ஒரு கட்டத்தைப் பிரித்தார். கரண்டியால் கண்ணாடி மணிகளை அள்ளி ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டிவிட்டுத் திரும்பத் தைத்தார். நாளுக்கு ஒரு கட்டம் அல்லது இரண்டு. நெஞ்சு படுகிற இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டு வாரத்தில் பிரியங்கா மறுபடி புரள ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் இரண்டாவது மெமோ வந்தது. கங்கையாவுக்குத் தான் சொன்னது பலித்த திருப்திதான்.

"நான் அன்னைக்கே சொல்லல? ஏமாத்து வேல."

பிரியங்கா சண்டைக்கு வரவில்லை. "போர்வை நல்லாத்தான் இருந்துது நைனா. எனக்குத்தான் இன்னாவோ கெட்டுப்போச்சி. எது குடுத்தாலும் ஒத்துக்காத உடம்பு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழக்கூட இல்லை. கங்கையாவுக்கு எங்கேயோ குத்தியது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து தூங்காமலே அவள் திருப்பதிக்குக் கிளம்பினாள். தெரபி மேடத்தை நேருக்கு நேர் மடக்கவேண்டும் என்று கங்கையாவும் போர்வை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போனார்.

ஹரிப்ரியா தெலுங்குக்காரி. தமிழ் தெரியும்.

"இவளுக்கு லேசாத் தொட்டா எரிச்சல், அழுத்தித் தொட்டா நிம்மதி. பிறவிலயே அப்படித்தான். யாரையும் பிடிக்காமப் போறது இல்ல இது" என்றாள். "ஒடம்பு எடையில பத்துல ஒரு பங்கு பாரம் இருந்தா போதும், மூச்சுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஏன் திடீர்னு வேலை செய்யல?"

அவள் போர்வையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. மூலையில் இருந்த எடைமெஷினில் வைத்தாள். நான்கு கிலோ முந்நூறு.

"மோசம் சேசினாரு! ஏமாத்திட்டாங்க!" என்று கோபமாகப் போனை எடுத்தாள். "ஆறு கிலோன்னு சொல்லி வித்திருக்கான். இப்பவே கம்ப்ளெயிண்ட் போடறேன்."

எத்தனையோ பேரை எடைமெஷினுக்கு முன்னால் நிற்கவைத்துத் தலைகுனிய வைத்த கங்கையா, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இடத்தில் தானே நின்றார்.

அதற்குள் பிரியங்கா மேலுறையின் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். நெஞ்சுப் பகுதிக் கட்டங்களில் தையல் குறுக்கே மாறி மாறி ஓடியது. மூட்டை வாய் தைக்கிற தையல். பிறந்ததிலிருந்து அவள் நைனா கையில் பார்க்கிற தையல்.

அந்தத் தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, "போன் பண்ணாதீங்க மேடம். அவங்க ஏமாத்தல" என்றாள்.

வடமாலபேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கங்கையாவே ஆரம்பித்தார்.

"செத்துடுவியோன்னு பயந்துட்டம்மா."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? என் உடம்பே சரியில்லன்னு நான் நெனச்சிக்கினு இருந்தன் நைனா."

அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டின்னை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மண்டிக்காரர் எதையும் வீணாக்க மாட்டார், ஒரு கண்ணாடி மணிகூடக் குறையவில்லை. ஆனால் பிரித்தது இருபத்தோரு கட்டம். எல்லாவற்றையும் நிரப்பித் தைக்கச் சாயங்காலம் ஆகிவிடும். ராத்திரி பஸ் வருவதற்குள் அவள் தூங்கியே ஆகவேண்டும். இன்றைக்கு மெஷின் முன்னால் கண்ணயர்ந்தால் அதோடு முடிந்தது.

பிரியங்கா பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள்.

"தைக்கறத அப்பறம் பாத்துக்கலாம். இங்க வா. தோள்ல கைய வையி."

கங்கையா தயங்கினார். விரல்களை அவள் தோளில் மெதுவாக வைத்தார். அவள் உடம்பு சிலிர்த்தது, அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"எடுக்காத நைனா. பயப்படாத. மூட்டைய அமுக்கற மாதிரி அமுக்கு."

இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, உடம்பு பாரத்தை அதன்மேல் இறக்கினார். அவள் அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். இருபது வருடமாகத் தன்னைப் பிடிக்காத மகள் என்று அவர் நம்பியிருந்தது எவ்வளவு பெரிய பிசகு! அவர்தான் எடை குறைவாகத் தொட்டிருக்கிறார். கண்ணில் நீர் வந்தது, துடைக்கக் கை காலி இல்லை.

பத்து நிமிடத்தில் பிரியங்கா தூங்கிப்போனாள். மூச்சு வருகிறதா என்று அவர் இந்தமுறை பார்க்கவில்லை, உள்ளங்கைக்கே தெரிந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மண்டியில் மூன்று லாரி எடைக்குக் காத்து நிற்கிறது, அங்கிருந்துதான் கூப்பிடுகிறார்கள். மணியம்மா ஓசைப்படாமல் வந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அவரு இப்ப வரமுடியாதுப்பா. வேலயா கீறாரு" என்றாள்.