ஒரு சாண் கீழே

பன்னிரண்டு வயதில், எங்கள் வீட்டில் என்னைவிடக் கெட்டிக்காரர் யாரும் இல்லை என்பது என்னுடைய முடிவு. விஞ்ஞானத்தில் தொண்ணூற்றாறு புள்ளி எடுத்திருந்தேன், கேட்கவா வேண்டும்! அந்த மண்டைக்கனத்தில் செய்த ஒரு காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எங்கேயாவது போய்த் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜெயபுரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி. அந்தச் சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டிருந்தோம். காய் பிடித்ததும் குரங்குகளுக்கு யார் கடிதம் போட்டார்களோ, காட்டுக்கரையிலிருந்து கூட்டமாக வந்து இறங்கிவிட்டன. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, ஆற அமர உரித்துத் தின்னும். தகரம் தட்டினோம், சீனவெடி கொளுத்தினோம். இரண்டு நாளில் அதுகளுக்கு எல்லாம் பழகிப்போய்விட்டது. கடைசியில் அப்பா ஆளுக்காள் கெஞ்சி, கடிதமெல்லாம் எழுதிக் கொடுத்து, ஒரு காற்றுத் துவக்குக் கொண்டுவந்தார். குழலை மடக்கி, பயறு அளவு ஈயக்குண்டைச் செருகி, நிமிர்த்திச் சுட வேண்டியதுதான். சத்தமும் பெரிதாக வராது.

அப்பா பகலில் மேசன் வேலைக்குப் போகிறவர். அதனால் துவக்கு மாமாவின் கைக்கு வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. தடுப்பு முகாமிலிருந்து விட்ட நாள் முதல் எங்களோடுதான் இருந்தார். அதற்கு முன்னர், சண்டைக்காலத்தில், எங்கே நின்றார், என்ன செய்தார் என்று வீட்டில் யாரும் கதைப்பதில்லை, அவரும் கதைக்கமாட்டார். தண்ணீர் இறைப்பார், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார், என் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தருவார். எனக்கு அவரென்றால் உயிர். துவக்கை நீட்டியபோது, தனக்கு வேண்டாம் என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை.

காவல் கொட்டிலிலிருந்து, கால் எட்டி வைத்து நடந்தால் ஐம்பது எட்டுத் தள்ளி, வேலியோரமாக ஒரு பாலைமரம் நின்றது. கூட்டத்துக்குத் தலைவனான தாட்டான் குரங்கு முதலில் வந்து அதன் கிளைக் கவரில் குந்தும். சுற்றிப் பார்த்து அது சரி என்றால்தான் மற்றவை கச்சானுக்குள் இறங்கும். மாமா அதன் நெஞ்சுக்கு நேரே குறி வைப்பார். நான் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று குழலின் நேருக்குப் பார்த்திருக்கிறேன், நெஞ்சேதான். விடுவார். குரங்குக்கு ஒரு சாண் கீழே மரப்பட்டை தெறிக்கும். கூட்டம் பாய்ந்து ஓடும், ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு நாளும் இதே கூத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார்.

“பெரிசெல்லாம் தூக்கின கைக்கு இந்தக் குருவித் துவக்குச் சரிவரேல்லையோ மச்சான்?”

அம்மா பதறிப்போய், “வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ” என்றா. மாமா சிரித்துக்கொண்டே அடுத்த குண்டைச் செருகினார். அன்று பின்னேரம் குசினிக்குள் அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இந்தக் கச்சானும் குரங்குக்குப் போனால் உன்ர தம்பி தன்ர வழியைப் பாக்கட்டும், சும்மா வைச்சுச் சோறு போட என்னால ஏலாது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தா. மாமா இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பது?

விஞ்ஞானப் புலி களத்தில் இறங்கியது. மாமா தண்ணீர் மாற்றப் போகும் நேரம் துவக்கைக் கொட்டில் கூரையில் செருகி வைப்பார். தொடக்கூடாது என்று சொல்லியும் இருந்தார். நான் அதை எடுத்து, மண் நிரப்பிய உரச்சாக்கின் மேல் கிடத்தி, பிஸ்கட் பெட்டி மட்டையில் கரிப்பொட்டு வைத்துச் சுட்டுப் பார்த்தேன். பத்து எட்டில் பொட்டிலேயே பட்டது. முப்பது எட்டில் மூன்று விரல் கீழே. ஐம்பதில் அளந்து வைத்தாற்போல ஒரு சாண் கீழே! சோளகக் காற்று வீசிய நாளில் அதே குண்டு நாலு விரல் பக்கவாட்டிலும் ஒதுங்கியது. பிறகு பாலைமரத்தில் ஏறிப் பார்த்தேன். மாமாவின் குண்டுகள் பட்ட தழும்புகள் பதினைந்துக்கு மேல் இருக்கும், எல்லாம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடக்கூடிய இடத்துக்குள் இருந்தன. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குண்டு போகப் போக விழுகிறது, மாமா பாவம், அது தெரியாமல் நேரே பிடிக்கிறார். துவக்கின் பின்பக்கத்தில், குறி பார்க்கும் இடத்தில், ஒரு சின்னத் திருகாணி இருந்தது. ஐம்பது எட்டில் கரிப்பொட்டுத் துளைபடும்வரை அதைத் திருகித் திருகி உயர்த்தினேன்.

சனிக்கிழமை அப்பாவும் வீட்டில் நின்றார். தாட்டான் வந்து குந்தியது. மாமா குறி வைத்தார், விட்டார். குரங்கு இரண்டு கையாலும் கிளையைத் தேடி, பிடி கிடைக்காமல், பொத்தென்று விழுந்தது.

நான் துள்ளினேன். அப்பா கைதட்டினார். மாமா துவக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். குரங்கு மரத்து வேரில் முதுகைச் சாய்த்து இருந்தது. நெஞ்சைக் கையால் பொத்தும், கையை எடுத்து இரத்தத்தைப் பார்க்கும், திரும்பவும் பொத்தும். மாமா அதன் முன்னால் குந்தியிருந்தார். அது அடங்கும்வரை எழும்பவேயில்லை.

மற்றவை பார்த்துப் பயப்படட்டும், வேலியில் கட்டித் தூக்கலாம் என்றார் அப்பா. “வேண்டாம் அத்தான்.” மாமா அப்பாவுக்கு முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். தன் சால்வையில் சுற்றி, மரத்தடியிலேயே கிடங்கு வெட்டினார். அம்மா ஆஞ்சநேயரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பால் தெளித்தா, கற்பூரம் கொளுத்தினா. எங்கள் பக்கத்தில் குரங்கு செத்தால் அப்படித்தான்.

மாமா மண்வெட்டியைக் கழுவும்போது, எனக்கு இருப்புக் கொள்ளாமல் போய்ச் சொன்னேன். “துவக்கில பிழை இருந்தது மாமா. நான்தான் சரியாக்கினனான்.”

மாமா மண்வெட்டியை வேலியில் சாத்தினார். ஏசவில்லை.

“முந்தியும் அது சரியாத்தான் அடிச்சது பிள்ளை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் பிழையை ஒத்துக்கொள்ளாத மனிசன்! மூன்று நாள் வெயிலில் கிடந்து, அளந்து, இவருக்காகத்தானே செய்தேன்? இரவு அப்பா மீன் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்து மாமாவின் கோப்பையில் போட்டு, சூட்டுக்காரன் என்று புகழ்ந்தார். மாமா சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனார். குரங்குகள் பிறகு கனநாள் வரவில்லை. கச்சான் தப்பியது. அடுத்த கிழமை மாமா, முல்லைத்தீவில் கூட்டாளி ஒருவரின் மீன்வாடிக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னார். அப்பா உண்மையாகவே மறித்துப் பார்த்தார்.

யாழ்ப்பாணத்தில் படிக்கப் போன முதல் வருடம், செய்முறை வகுப்பில் விரிவுரையாளர் அளவீட்டுப் பிழைகளை விளக்கப் பலகையில் ஒரு வட்டம் கீறி, நடுவிலிருந்து தள்ளி ஓரிடத்தில் நெருக்கமாகப் புள்ளிகள் வைத்தார். கை உறுதியான கை, குறிதான் தள்ளி இருக்கிறது என்றார். நான் பேனையை வைத்துவிட்டேன். அந்தத் தழும்புகள் ஒருநாளில் விழுந்தவையல்ல. காற்று அடங்கிய நாளிலும் சுட்டவர், சோளகம் வீசிய நாளிலும் சுட்டவர். நாலு விரல் ஒதுங்க வேண்டிய குண்டுகள் ஒரு கோப்பைக்குள் அடங்கியிருந்தன. காற்றுக்குக் கணக்குப் பார்த்துச் சுடுகிறவருக்குக் குண்டு விழுகிற கணக்குத் தெரியாதா? அப்பாவின் கண்ணுக்காக நெஞ்சில் பிடித்தார். குரங்கின் உயிர் தப்புவதற்கு அந்த ஒரு சாணை நம்பினார். இனி ஒன்றையும் கொல்லுவதில்லை என்று வந்திருந்த மனிசனின் கையால் நான் ஒரு கொலையைச் செய்வித்துவிட்டேன். வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கண் மறைத்தது.

மாமா முல்லைத்தீவுக்கு வெளிக்கிட்ட அந்தக் காலை நான் கிணற்றடியில் நின்றேன். பையோடு படலை வரைக்கும் போனவர் திரும்பி வந்து, “போட்டு வாறன் பிள்ளை” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர்தான், கேட்கும்வரை கதைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். பஸ் சத்தம் தேயும்வரை தண்ணீர் அள்ளிக்கொண்டே நின்றேன்.