துணைக்கு நாலணா

எதிர் வீட்டுச் சிறுமிக்குப் பதினோரு வயது. போன சனிக்கிழமை காலையில் அழைப்பு மணியை அடித்துவிட்டு, அவள் அம்மாவின் செல்போனோடு வாசலில் நின்றாள். "ஆன்ட்டி, உங்க செடிக்கெல்லாம் நான் தண்ணி ஊத்துறேன். வாரத்துக்கு முப்பது ரூபா குடுங்க" என்றாள். சிறுபிள்ளைகள் பாதுகாப்பாகக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் வழிகள் என்று போனில் ஏதோ கட்டுரையாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாயை நடத்திக் கூட்டிப் போவது என்று வரிசையாகப் போட்டிருந்தது. பின்னாலேயே வந்த அவள் அம்மா, "நம்ம பிளாட்டுக்குள்ளேயே செய்யட்டும்க்கா, அதான் சேஃப்" என்றாள்.

எங்கள் ஆனையூர் குடியிருப்பில் என்னிடம் இருப்பதே மூன்று தொட்டிதான். அதில் ஒன்று கற்றாழை. தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகிப் போகும். அழுகினால் அழுகட்டும் என்று சரி சொன்னேன். ஒரு பெண்பிள்ளை சம்பாதிக்கிறேன் என்று வந்து நின்றால் எனக்கு மறுக்க வராது. கிளம்பும்போது, "நீங்க என் வயசுல என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள். "துணைக்குப் போனேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவள் அம்மாவுக்கும் புரியவில்லை. இருவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். உங்களிடமாவது சொல்கிறேன்.

அந்தச் சிறுமியின் கையில் கிருமிநாசினி வாசம் அடித்தது. எனக்கு உடனே பெரியாஸ்பத்திரி ஃபினாயில் ஞாபகம் வந்துவிட்டது. என் முதல் சம்பாத்தியம் அந்த வாசத்தில்தான். அறுபதுகளின் பின்பாதி, நாங்கள் வில்லாபுரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சிம்மக்கல்லில் ஒரு வெல்ல மண்டியில் எடை போடும் வேலை. எங்கள் தெருவில் பெண்கள் தனியாக வெளியே போகக் கூடாது. ஆஸ்பத்திரியானாலும் சரி, துணிக்கடையானாலும் சரி, கூட ஓர் ஆள் வேண்டும். ஆண்களெல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பெயர்தான் துணை. கோடி வீட்டு மதினி வயிற்றுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது என்னைத்தான் கூட்டிப் போனார். திரும்பி வந்ததும் ஒரு பன்னும் நாலணாவும் கொடுத்தார். அம்மா வாங்க வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே, வாங்கிக்கோ என்று கண்ணால் சொன்னாள்.

அதன் பிறகு எனக்கு நல்ல கிராக்கி. ஏனென்றால் நான் நடுவழியில் மூத்திரம் வருகிறது என்று சொல்ல மாட்டேன், கடையைப் பார்த்து அழ மாட்டேன், பஸ்ஸில் வாந்தி எடுக்க மாட்டேன். இந்த மூன்றும்தான் தகுதி. மற்றபடி துணைக்குப் போகிறவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா கூட இருந்தால் போதும். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. யாராவது முரடன் வந்து மறித்திருந்தால் குச்சி மாதிரி இருந்த நான் என்னத்தைப் பிடுங்கியிருப்பேன்? முதலில் நான்தான் ஓடியிருப்பேன். என்னைக் கூட்டிப் போனது முரடனுக்காக அல்ல, தெருவுக்காக. "தனியாவா போனா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, புள்ளையும் கூடப் போச்சு" என்று சொல்ல ஒரு புள்ளை வேண்டும். பெண்கள் மேல் அம்புட்டு நம்பிக்கை.

எனக்கு நிரந்தர வேலை கொடுத்தது எங்கள் தெரு வசந்தா அக்காவின் அம்மாதான். வசந்தா அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, சிம்மக்கல்லில் ஒரு மாடிப்படி ஏறிப் போகும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தாள். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் போய் வருவோம். அந்த அறை முழுக்க மெஷின் எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த வாசமாக இருக்கும். நான் சுவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து என் வீட்டுப் பாடத்தைச் செய்வேன். அந்தத் தடதடச் சத்தத்தில்தான் நான் வாய்ப்பாடே படித்தேன். இன்றைக்கும் அமைதியான இடத்தில் எனக்குக் கணக்கு ஓடாது.

திரும்பி வந்ததும் வசந்தா அக்காவின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யார்ட்டயாச்சும் நின்னு பேசுனாளாடீ?" என்று கேட்பார். அந்த நாலணாவில் இந்த வேலையும் அடக்கம். "யார்ட்டயும் பேசல பெரியம்மா" என்பேன். உண்மைதான், அவள் யாரிடமும் பேசியதில்லை. வகுப்பு முடிந்ததும் பாலத்துப் பக்கம் கொஞ்ச தூரம் நடப்பாள். வைகையில் தண்ணீர் இருந்தால் தண்ணீரைப் பார்ப்பாள், இல்லாவிட்டால் மணலில் மேயும் கழுதைகளைப் பார்ப்பாள். எனக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "கொஞ்ச நேரம் நிப்போம், அப்பறமா போலாம்" என்பாள். அவ்வளவுதான் அவள் செய்த திருட்டுத்தனம். ஒரு பெண் சும்மா நிற்பதற்காக நின்றாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் நான் சொல்லவில்லை.

சம்பாதித்ததையெல்லாம் ஒரு பவுடர் டப்பாவின் மூடியில் பிளவு போட்டுச் சேர்த்து வைத்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு நல்ல ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க வேண்டும், ஒரு மைப்பேனா வாங்க வேண்டும் என்றெல்லாம் கணக்கு. எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் உண்டு. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். போவேன் என்பதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இருந்ததில்லை. ஊரில் இருக்கிற அக்காக்களையெல்லாம் அந்த பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வந்தவள் ஆயிற்றே நான்.

எட்டாவது முழுப்பரீட்சை லீவில் நான் வயதுக்கு வந்தேன். மாமா சீர் கொண்டுவந்தார், மைக் செட்டு கட்டினார்கள், என்னைப் பட்டுப்பாவாடையில் பொம்மை மாதிரி உட்கார வைத்தார்கள். வசந்தா அக்காவின் அம்மா தட்டில் பழம், பூவோடு வந்தார். எனக்கு நலங்கு வைத்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னார்: "இனிமே இவளே பெரிய மனுசி. எங்க வசந்தாவுக்கு வேற சின்னப்புள்ள பாக்கணும்." இவ்வளவு அன்பாக யாரையும் வேலையை விட்டு நிறுத்தி நான் பார்த்ததில்லை. அந்த மாதம் வரைக்கும் நான் கூடப் போனால் ஒரு பெண் பத்திரம். அந்த மாதத்திலிருந்து நானே பத்திரமாக வைக்க வேண்டிய பண்டம் ஆகிவிட்டேன். என் கைகால் எதுவும் மாறவில்லை. பஸ் நம்பர் எல்லாம் அப்படியே மனப்பாடமாக இருந்தது.

ஒன்பதாவது பற்றிக் கேட்டதும் அப்பா, "டவுனுக்கா? துணைக்கு யாரு போவா?" என்றார். வசந்தா அக்காவைக் காலை வகுப்புக்கு மாறச் சொல்லி அவளோடு சேர்ந்து போகிறேன் என்றேன். "ரெண்டு கொமரு சேந்து போனா, அந்த ரெண்டுக்கும் ஒரு துணை வேணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் மண்டியில் மூட்டைக்கு இரண்டு பேர் காவல் இருப்பார்கள், அந்தப் பழக்கம். கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். என் தம்பிக்கு எட்டு வயது. மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை. என் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஆரம்பப் பள்ளி ஒன்று இருந்தது. அவனை அங்கே மாற்றினால் இருவரும் ஒன்றாகப் போய் வரலாம். அப்பா யோசித்தார். "அவன் கூடப் போறதுன்னா போ" என்றார்.

தம்பிக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. அவனுடைய கோலிக்குண்டு, சேக்காளிகள் எல்லாம் வில்லாபுரத்தில் இருந்தார்கள். முதல் இரண்டு நாள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதான். மூன்றாம் நாள் அழுகையை நிறுத்திவிட்டு, "நான் வாரேன். எனக்கு என்ன தருவ?" என்றான். பவுடர் டப்பாவைத் திறந்தேன். பத்து பைசாவில் ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் நாலணா கேட்டான். என் தம்பியாயிற்றே, சந்தை நிலவரம் அவனுக்குத் தெரியாதா!

இரண்டு பேர் பையையும் நான்தான் சுமப்பேன். ரோட்டைக் கடக்கும்போது அவன் கையை நான்தான் பிடித்துக்கொள்வேன். பஸ்ஸில் என் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். ஒருநாள் பஸ்ஸில் ஒரு குடிகாரன் எல்லோரையும் இடித்துக்கொண்டு வம்பு பண்ணினான். தம்பியை எனக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "தள்ளி நில்லுய்யா!" என்று கத்தியது நான்தான். என்னுடைய துணை என் தாவணியைப் பிடித்துக்கொண்டு அழுதது. அன்றைக்கும் நாலணா வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தது.

ஆனாலும் அந்த நாலு மாதங்கள் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததில்லை. பெரிய பள்ளிக்கூடம், அறிவியலுக்குத் தனி அறை, கணக்கு டீச்சர் என் பெயரைச் சொல்லிப் போர்டுக்குக் கூப்பிடுவார். ஜாமெட்ரி பாக்ஸ் மட்டும் வாங்கவில்லை. அந்தக் காசெல்லாம் தம்பியின் வாயில் தேன்மிட்டாயாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணிடம் காம்பஸ் இரவல் வாங்கி வட்டம் போட்டேன்.

காலாண்டுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் டப்பா காலியாகிவிட்டது. "பொறவு தாரேன்டா, இன்னைக்கு வாடா" என்று கெஞ்சினேன். "காசு குடுத்தாத்தான் வருவேன்" என்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மாவிடம் கேட்டேன். அவளிடம் ஏது? அப்பாவிடம் போய், அவனை ஓர் அதட்டு அதட்டச் சொன்னேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "அவன அழ வச்சுட்டு நீ படிக்கணுமா?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் நூறு பதில் இருக்கிறது. அன்றைக்குப் பையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்விட்டேன். பஸ் வந்தது, ஏறினேன், பள்ளிக்கூடத்தில் இறங்கினேன், பாடம் நடந்தது, திரும்பி வந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. எத்தனையோ வருடமாக எந்த ஆபத்துக்குப் பயந்து என்னைக் காசு கொடுத்துக் கூட்டிப் போனார்களோ, அந்த ஆபத்து அன்றைக்கு வழியில் எங்குமே இல்லை. வீட்டு வாசலில்தான் இருந்தது. யாரோ மண்டிக்கே போய்ச் சொல்லிவிட்டார்கள். "தனியாவா போன?" என்று கேட்டார் அப்பா. ஆமாம் என்றேன். அடிக்கவில்லை. உள்ளே போய் அம்மாவிடம், "இவ இனிமே போக வேணாம்" என்றார். தம்பி மறுபடியும் வில்லாபுரம் பள்ளிக்கூடத்துக்கே போனான். என் பரீட்சை நடந்த வாரம் நான் வீட்டில் உளுந்து நனைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் வகுப்புக்குத் தம்பியை டவுனில் சேர்த்தார்கள். அதே பஸ்ஸில் தனியாகப் போனான். துணைக்கு யார் என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது நான்தான். எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிந்தது. கல்யாணமாகிப் போகும் வரைக்கும் தினமும் காலையில் எரிந்தது.

தம்பி நன்றாகப் படித்தான், அரசாங்க வேலைக்குப் போனான். போன வருடம் அவனுடைய பணி ஓய்வு விழா மண்டபத்தில் தடபுடலாக நடந்தது. என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மைக்கைப் பிடித்து, "நான் எட்டு வயசுலயே பொறுப்பானவன். எங்க அக்கா படிக்கணும்னு, தினமும் அவங்களுக்குத் துணையா வில்லாபுரத்துல இருந்து டவுனுக்குப் போனவன்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் தட்டினேன்.

பந்தி முடிந்து அவன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன்: "ஏன்டா, தினமும் காசு வாங்கிட்டுத்தானடா வந்த?"

"நானா? உன்கிட்டயா? போக்கா, உன்கிட்ட ஏது காசு!" என்று சிரித்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவனுக்கு ஞாபகமே இல்லை. பொய் சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

துணைக்குப் போகும் தொழில் இப்போது இல்லை. ஒழிந்தது நல்லது, அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். அந்த டைப்ரைட்டிங் மாடி செல்போன் கடை ஆகிவிட்டது. வசந்தா அக்கா கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாள் என்றே தெரியவில்லை. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாலணாவும் செல்லாமல் போய்விட்டது. இனி என் தம்பி சொல்வதுதான் எங்கள் வீட்டுக் கதை. அவன் பேரப்பிள்ளைகளும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியும். அதனால்தான் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நான் படித்த அந்த நாலு மாதத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. என் காசு போட்டு வாங்கினேன்.