மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாதவள்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனை வைத்திருப்பது பேசுவதற்குத்தான். ஆனால் அவன் சொந்தமாக ஒரு வார்த்தை பேசினால் உத்தியோகம் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு மாற்றலாகி வந்து, தொண்ணூறுகளில் தொடங்கிப் பல வருடம் நான் பார்த்த வேலை இது. தமிழைச் சிங்களமாக்கு, சிங்களத்தைத் தமிழாக்கு, நடுவில் நீ வாயை மூடு. அடுத்தவனுக்கு வாயாக இருந்து சீரழிந்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கூரை கேட்ட பைத்தியம்

எங்கள் கோர்ட்டுக்குப் பைத்திய வழக்குகளும் வரும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஒருவருக்குப் புத்தி சரியில்லை என்று யாராவது மனுக் கொடுத்தால், இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும். பிறகு நீதிபதி அந்த ஆளையே நேரில் விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிடித்து வைக்கலாம். நல்ல சட்டம்தான். பிரயோகித்தவர்களைத்தான் டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும்.

டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஒரு கிழவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிழவர் வாராவாரம் தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கடிதம் எழுதுகிறாராம். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக் கக்கூசுக்குக் கூரை இல்லை, மழையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது என்று மூன்று வருடமாக அதே கடிதம். "இது புத்தி பேதலித்த ஆள் செய்யும் வேலை இல்லையா?" என்றார் கண்டாக்கு. "கூரை இருக்கிறதா?" என்று நீதிபதி கேட்டார். கண்டாக்கு கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்றார். மனு தள்ளுபடி. எல்லோரும் எழுந்துவிட்டோம். கிழவர் மட்டும் நகரவில்லை. நீதிபதியைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப கூரைய எப்பங்கய்யா போடுவாங்க?"

சோற்றுப் பார்சலும் நானும்

இனி என் வண்டவாளம். நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பாக்கியத்தை அவள் புருஷனே கூட்டிவந்தான். மலையில் தனியாகப் பேசுகிறாளாம். சாமான்களை அடித்து நொறுக்குகிறாளாம். நொறுக்கிய சாமான் என்ன என்று விசாரித்தால், அவன் ஒளித்து வைத்திருந்த கசிப்பு, அதாவது கள்ளச்சாராயக் கேன்கள். மலையில் தனியாகப் பேசாத கொழுந்துக்காரியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மனு ஜெயித்தால் பிள்ளைகள் லயத்தில், அவள் கொழும்புப் பக்கத்துப் பெரிய பைத்திய ஆஸ்பத்திரியில்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது, எனவே நான் போனேன். முதல் கேள்வி, இன்று என்ன நாள். "சம்பளம் போட்டு மூணாவது நாளுங்க." சரி. இரண்டாவது, இது எந்த இடம். "ஆஸ்பத்திரிங்க." சரி. மூன்றாவது, புருஷன் பெயர் என்ன. பாக்கியம் தலையைக் குனிந்தாள், சேலைத் தலைப்பைத் திருகினாள், வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அது எப்புடிங்கய்யா..." என்றாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. டாக்டரின் தாளில் இரண்டே கட்டம்: தெரியும், தெரியாது. மணி ஒன்றரை. என் சோற்றுப் பார்சல் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. "தெரியாதாம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். டாக்டர் கோடு போட்டார். இரண்டாவது டாக்டர் முதலாவது டாக்டரின் தாளைப் பார்த்தே கையெழுத்து வைத்தார். எழுந்து போகும்போது பாக்கியம் என்னிடம் கேட்டாள்:

"வெரசா முடிஞ்சிருச்சுங்களே, வீட்டுக்குப் போகலாங்களா?"

வீட்டு நீதிமன்றம்

நீதிபதி அவளை ஒரு கேள்வியும் கேட்காமல் தாள்களை மட்டும் பார்த்தார். புருஷன் பெயரே தெரியாத பெண் என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். இதை மறுபடி விசாரியுங்கள் என்று அவளே கோர்ட்டைக் கேட்கலாம், அவளுக்காக வேறு யாரும் கேட்கலாம். சட்டம் அப்படித்தான். ஆனால் அதை அவளுக்குத் தமிழில் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் சொல்லவில்லை.

ஒன்றிரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது இந்தக் கதையை வேடிக்கையாக மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூட ரீச்சர். பிழை கண்டால் சிவப்புப் பேனா கையில் இல்லாமலே திருத்துவாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கலியாணம் கட்டி இருவது வருசம். நான் ஒருநாளாவது உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிட்டனானோ? அப்ப என்னையும் கொண்டுபோய் அங்க விடுங்கோ."

தண்டனை

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. பாக்கியத்தை உள்ளே தள்ளியது அவள் புருஷன் பாதி, நான் பாதி. மறுநாள் காலை நீதிபதியின் அறைக்குப் போய் நின்றேன். மொழிபெயர்ப்பில் பிழை விட்டேன் என்று சொன்னால் வேலை போகலாம். ஆனாலும் சொன்னேன். மனைவிமார் புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கத்தையும் விளக்கினேன். அந்தப் பெண்ணை உடனே திருப்பி அழைத்து விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டேன். இவ்வளவு நீளமாக அந்த மனிதர் முன் நான் சொந்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கேட்டு முடித்துவிட்டு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் கொடும். வாய் தவறிவிட்டது என்று எழுதாதேயும். பசித்தது என்று எழுதும், அதுதான் உண்மை."

பதில்

பாக்கியத்தைக் கொண்டுவந்தார்கள். இளைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வார்டுக் குறிப்பில், 'நோயாளி ஓயாமல் கோர்ட்டைப் பற்றியே பேசுகிறார்' என்று நோய்க்குறி மாதிரி எழுதியிருந்தது. என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று வந்த டாக்டரிடமெல்லாம் கேட்டிருக்கிறாள், பாவம். யாரும் சொல்லாமலே தன் உரிமையைக் கண்டுபிடித்துவிட்டாள். நல்லவேளையாக, பெரிய டாக்டர் அவளுக்கு நோய் எதுவும் இல்லை என்று அனுப்பியிருந்தார். மனு தள்ளுபடி, நீ வீட்டுக்குப் போகலாம் என்றார் நீதிபதி. நான் தமிழில் சொன்னேன். இந்தமுறை ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

அவள் போகவில்லை. "அன்னைக்குக் கேட்ட மூணாவது கேள்விக்கு இப்ப பதில் சொல்லலாங்களா?" என்று கேட்டாள். நீதிபதி தலையசைத்தார். பாக்கியம் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கோர்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"மரியாத இருந்த வரைக்கும் சொல்லலங்கய்யா. என்னைய பைத்தியம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாருல்ல, இனிமே என்ன? கருப்பையா! ஏழாம் நம்பரு லயத்துக் கருப்பையா!"

அன்று மாலை வீட்டு வாசலில் என் மனைவி வழக்கம்போல "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டபோது எனக்கு வந்த நிம்மதியை, நான் படித்த எந்தப் பாஷையிலும் மொழிபெயர்க்க முடியாது.