கடைசியாகச் செய்த நல்ல காரியம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு ஆபீசில் மெயில் போகவில்லை என்றால், முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார்கள். பிறகு பக்கத்து சீட்டுக்காரரைத் திட்டுவார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் வெங்கடேஸ்வரிக்குப் போன் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடித்துக் கொடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். தினமும் மக்கர் பண்ணிய பிரிண்டரோடு மல்லுக்கட்டியே தொழிலைக் கற்றுக்கொண்டாள். இப்போது நாற்பத்திரண்டு வயது. ஸ்கூட்டரில் வயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு இரண்டு ஊருக்கும் அலைகிறாள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் நெட் அக்கா.

மற்ற மெக்கானிக்குகள் யார் என்ன பண்ணியது என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். அந்த நிமிடமே ஆபீஸ் முழுக்க வாயைப் பூட்டிக்கொள்ளும். வெங்கடேஸ்வரி அப்படிக் கேட்கவே மாட்டாள். கடைசியாக இங்கே என்ன நல்ல காரியம் நடந்தது என்றுதான் கேட்பாள். செய்த தப்பை மறைக்கிறவர்கள் செய்த நல்லதை மறைப்பதில்லை. ஒரு வக்கீல் ஆபீசில் மோடம் திருட்டுப் போய்விடக் கூடாதென்று அதை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்; சிக்னலும் உள்ளேயே பூட்டிக் கிடந்தது. அதைச் சொன்னபோது குமாஸ்தா முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் சங்கரலிங்கத்தின் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். லீவு முடிந்து ஆபீசைத் திறந்ததிலிருந்து ஒரு கம்ப்யூட்டரிலும் மெயில் இல்லை. வெங்கடேஸ்வரி போய்ச் சேர்ந்தபோது பழி ஏற்கனவே ஒரு ஆள் தலையில் ஏறியிருந்தது. மெயில் பார்க்கும் ஜெயசித்ரா லீவுக்கு முந்தின நாள் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். அதுதான் காரணம் என்று முதலாளி முடிவுகட்டி, எல்லோர் முன்னாலும் அவளைக் கண்டபடி பேசிவிட்டார். அவசர மெயில்களை அவள் தன் போனிலிருந்து அனுப்பி வைத்திருந்தாள். கம்பெனி விஷயம் உன் போனுக்கு எதற்குப் போனது என்று அதற்கும் ஏச்சு. நெட் அக்காவும் பாஸ்வேர்டுதான் என்று சொல்லிவிட்டால் நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

ஜெயசித்ரா அழவில்லை. டிபன் பாக்ஸைப் பையில் எடுத்து வைத்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே பாஸ்வேர்டில் போனில் திறக்கிற மெயில் ஆபீசில் திறக்கவில்லை என்றால் பாஸ்வேர்டு குற்றவாளி இல்லை என்பது வெங்கடேஸ்வரிக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வெறும் வாய்ப்பேச்சை முதலாளி நம்புகிறவர் இல்லை. அதனால் அவரிடமே தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

சங்கரலிங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு இந்தத் தடவை ஆபீசைத் தன் கையாலேயே துடைத்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம். எல்லா கம்ப்யூட்டர் வயரும் வந்து சேரும் அந்தச் சின்ன டப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே.

"மேசைக்கடியில ஒரு வயரு அநாதையா கெடந்துச்சு தாயி. டப்பாவுலயும் ஒரு ஓட்டை சும்மா இருந்துச்சு. நாந்தான் எடுத்துச் சொருகி வச்சேன். பாக்கவே லட்சணமா இருந்துச்சு" என்றார்.

வெங்கடேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு டப்பாவின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தாள். உள்ளே விளக்குகள் எல்லாம் பேய் பிடித்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தன. அந்த அநாதை வயரின் மறுமுனையும் அதே டப்பாவில்தான் இருந்தது. டப்பாவிலிருந்து கிளம்பிய சேதி சுற்றி வந்து டப்பாவுக்கே திரும்ப, மறுபடியும் கிளம்ப, இப்படியே வட்டமடித்து வேறு எந்த மெயிலுக்கும் வழிவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு முனையைப் பிடுங்கினாள். செத்த நேரத்தில் நான்கு கம்ப்யூட்டர்களிலும் மெயில்கள் மளமளவென்று இறங்கின.

என்ன கோளாறு என்று கேட்டார் முதலாளி. ஆபீசே வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. மூன்று கிளைகள் வைத்திருக்கிற வாடிக்கை. அவரைச் சபையில் குனிய வைத்தால் மூன்றும் கைநழுவலாம். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடுங்கிய வயரை அவர் கையில் கொடுத்தாள்.

"கோளாறு இந்த ஒரு வயருதான் அண்ணாச்சி. பாஸ்வேர்டுல ஒரு குத்தமும் இல்ல. அந்தப் பிள்ள சரியாத்தான் பண்ணியிருக்கு."

சங்கரலிங்கம் வயரைப் பார்த்தார். அது எந்த வயர் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எழுந்து ஜெயசித்ராவின் மேசைக்குப் போனார்.

"காலைல எல்லாரு முன்னாலயும் உன்னைய ஏசிட்டேன். அதனால எல்லாரு முன்னாலயுமே சொல்லுதேன். கெடுத்தது நாந்தாம்மா."

அத்தனை ஏச்சுக்கும் அழாதவளுக்கு இப்போது பொலபொலவென்று கண்ணீர் வந்தது. மடியிலிருந்த பையை இன்னும் விடாமல், அப்போ நாளைக்கு நான் வரணுமா என்று கேட்டாள்.

"நீ வராட்டி பொறவு இந்த வயரையெல்லாம் நாந்தான் பாக்கணும்" என்றார் அவர்.

ஆபீஸ் மொத்தமும் ஒரே குரலில் நீங்க தொடவே வேண்டாம் என்றது.