கடைக்குள் உட்கார்ந்த நாள்

திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஜவுளிக்கடையில் வியாபாரத்துக்கு நின்ற முதல் பெண் நான்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துவிடும். நிமிரட்டும். அதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது என் திறமையைப் பார்த்து அல்ல. அறுபதுகளின் கடைசியில் ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஃபாக்டரிகள் வர வர, கடையில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகச் செவ்வாப்பேட்டை வழியாகப் போகும் காலை ரயிலில் ஏறிப் போய்விட்டார்கள். அங்கே வேலை முடிந்தால் சங்கு ஊதுவார்கள். எங்கள் கடையில் ஊத யாரும் இல்லை. ஐந்து பேர் நின்ற இடத்தில் கடைசியில் ஓர் அண்ணன் மட்டும் மிஞ்சினார். பெண்பிள்ளை என்றால் ஃபாக்டரிக்கு ஓடமாட்டாள் என்று கணக்குப் போட்டு முதலாளி என்னைச் சேர்த்தார். அதோடு ஆள் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு பேரே நல்லாத்தான சமாளிக்கிறீங்க, இன்னும் இன்னாத்துக்கு ஆளு?" என்பார்.

அங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். உண்மையாகவே சமாளித்தோம். ஒருத்திக்கு ரவிக்கைத் துணி அளந்துகொண்டே இன்னொருத்தியிடம் சாயம் போகவே போகாது என்று சத்தியம் செய்வேன். மத்தியானச் சோற்றை ஒருவர் மாற்றி ஒருவர், புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றபடியே விழுங்குவோம். நாங்கள் எவ்வளவுக்கெவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தோமோ, அவ்வளவுக்கவ்வளவு மூன்றாவது ஆள் தள்ளிப்போனான்.

இதில் நிற்கிற கொடுமை வேறு. நான் சின்னப் பெண்ணாக அம்மாவோடு துணி எடுக்க வந்தபோது அந்தக் கடையில் பாதித் தரைக்கு ஜமக்காளம் போட்டு, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்திருப்பார்கள். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் சம்மணம் போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். பிறகு முதலாளி மெட்ராஸில் ஏதோ பெரிய கடையைப் பார்த்துவிட்டு வந்தார். விரிப்பைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டுக் கண்ணாடி மேஜை போட்டார். அன்றிலிருந்து எல்லோரும் நிற்க வேண்டியதுதான். கடையில் ஒரே ஒரு நாற்காலி, கல்லாவுக்குப் பின்னால். அதில் யார் உட்கார்ந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அண்ணனுக்கு இடது காலில் நரம்புகள் புடைத்து, கணுக்காலுக்கு மேலே ஒரு புண். நின்று நின்று வந்த புண், ஆறவே ஆறாது. பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, அலமாரியில் தோளைச் சாய்த்து, ஒற்றைக்காலில் வியாபாரம் பார்ப்பார். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். ஆடி பிறந்த வாரம் முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

"ஆடி முடிஞ்சதும் நீ ஊட்லயே இருந்துக்கோப்பா. நிக்க முடியாத ஆள வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

அண்ணன் திரும்பி வந்து, பிரித்துக் கிடந்த புடவைகளை மடிக்க ஆரம்பித்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காலைக் கெடுத்தது இந்தக் கடை, கால் சரியில்லை என்று விரட்டுவதும் இந்தக் கடையா? என் வேலையும் போய்விடுமே என்ற பயத்தில் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

ஆடியின் நடு ஞாயிற்றுக்கிழமை. பெரியபாளையத்துக்குப் போகிற கூட்டம், போய்த் திரும்புகிற கூட்டம், எல்லாம் எங்கள் மேஜையில் வந்து மோதியது. மஞ்சள் புடவை கொடு, துண்டு கொடு என்று நாலா பக்கமும் கைகள். அந்த நேரத்தில் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அம்மன் கோயிலில் வேண்டுதலை முடித்த களைப்போடு ஏழெட்டுப் பெண்கள். புதுப்பெண்ணுக்கு ஆடிச் சீர், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் புடவை என்று பெரிய வியாபாரம். கூட்டத்தைப் பார்த்ததும் மூத்த அம்மாள் முதலாளியிடமே கேட்டுவிட்டாள்.

"இன்னா நைனா, ஒக்கார ஒரு எடம் இல்லியா? காலு வுட்டுப்போச்சு. எதிர்க்கடைக்கிப் போலாம் வாங்கடி."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ஏணியில் ஏறிப் பரணிலிருந்து ஜமக்காளத்தை இழுத்தேன். தூசி என் தலையில் கொட்டியது. பொம்மைக்குப் புடவை கட்டி நிறுத்தியிருந்த இடத்தைக் காலி செய்து, ஜமக்காளத்தை விரித்து, மேலே அலமாரியிலிருந்து புது வேட்டிகளையே எடுத்துப் பரப்பினேன்.

"ஒக்காருங்கம்மா. அண்ணே, நீயும் ஒக்காரு. பொடவைய நான் எடுத்து எடுத்துப் போடறேன்."

அண்ணன் கல்லாவைப் பார்த்தார்.

"ஒக்காருண்ணே!" என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

உட்கார்ந்தார். காலை மெதுவாக நீட்டிக்கொண்டார். பிறகு ஒரு புடவையை உதறிப் போட்டார் பாருங்கள், முந்தானை போய் அந்த அம்மாளின் மடியில் விழுந்தது. மேஜையில் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டிய புடவை, இங்கே ஒரே உதறலில் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒருத்தி வேண்டாம் என்றதை அடுத்தவள் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மேஜையில் நின்ற பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் வாங்காமல் எழுந்திருக்கவில்லை.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் முன்னால் எப்படித் திட்டுவார்? நானோ அலமாரிக்கும் விரிப்புக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். மேஜையில் ஆளே இல்லை. ரவிக்கைத் துணிக்கு ஒருத்தி கத்தினாள். ஓடுகிற ஓட்டத்திலேயே சொன்னேன்.

"மொதலாளி, மூணாவது தட்டுல இருக்குது. கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு துணியை எடுத்தார். அதற்குள் அடுத்தவள் துண்டு கேட்டாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சில்லறை கொடுக்கக் கல்லாவுக்கு ஓடுவார், திரும்ப மேஜைக்கு ஓடி வருவார். அன்றைக்கு மிச்சப் பொழுதெல்லாம் முதலாளி நின்றார். சோற்று நினைவே அவருக்கு வரவில்லை. வர விடவும் இல்லை நாங்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் கூட்டம் வடிந்தது. முதலாளி தன் நாற்காலி வரைக்கும்கூடப் போகவில்லை. விரிப்பிலேயே பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா இது, இப்டிக் கடுக்குது?"

"அர நாளுதான மொதலாளி நின்னீங்க?" என்றேன்.

பக்கத்தில் அண்ணன் நீட்டிய காலோடு புடவை மடித்துக்கொண்டிருந்தார். முதலாளி அந்தக் கட்டுப்போட்ட காலையே வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எடுத்துக் குடுக்க ரெண்டு ஆளு வேணும். யாராச்சும் இருந்தா சொல்லுங்க," என்றார். பிறகு அண்ணனிடம், "நீ இனிமே ஒக்காந்தே காட்டு. ஆடிக்கி அப்பறமும்தான்."

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். ஒருநாளும் பிசகாத அவர் மடிப்பு கோணியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எடுக்க வந்த கட்டை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

அதைக் கவனித்தாரோ என்னவோ, முதலாளி குரலைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"இன்னா நின்னுகினு பாக்கற? கடைய மூட வேணாமா? இத மடிச்சுப் பரண்ல போடு."

"போட்டுர்றேன் மொதலாளி. மொதல்ல நீங்க எழுந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. நான் அந்தக் கடையில் இருந்த வரைக்கும் அந்த ஜமக்காளம் பரணுக்குப் போகவே இல்லை.