ஒட்டகம் என்று பேர் வாங்கியவள்

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டுவதற்காக வைத்த பட்டப்பெயர் இல்லை அது. பாராட்டிக் கொடுத்தது.

குளிர் பிடித்த ஊர். வருஷத்தில் பாதி நாள் வாயைத் திறந்தால் புகை வரும். அவளுக்குக் காலர் தைக்கிற வேலை. அவள் கையிலிருந்து சட்டை நகரத் தாமதமானால் அடுத்து உட்கார்ந்திருக்கும் பொத்தான்காரி சும்மா இருக்க வேண்டிவரும். பொத்தான்காரி சும்மா இருந்தால் சூப்பர்வைசர் இரண்டு பேரையும் நிற்கவைத்துப் பேசுவார். கழிப்பறை முற்றத்தின் கடைசியில் இருந்தது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரின் மேசையில் தொங்கும் மரவில்லையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். வரிசை முழுவதற்கும் ஒரே வில்லை. கேட்கப் போனால், "அதுக்குள்ளயா? குழாயை மூடவே மாட்டியா நீ?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பார். துணி வெட்டுகிற ஆண்கள் சிரிப்பார்கள்.

இதற்கு அந்தப் பெண்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவது. குளிரில் தாகமும் பெரிதாகத் தெரியாது. மற்றவர்கள் மத்தியானத்துக்குள் தோற்றுப்போவார்கள். இவள் தோற்றதே இல்லை. காலையில் வீட்டில் அரை டம்ளர் டீ, சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒரு சொம்பு தண்ணீர், நடுவில் சொட்டுக்கூடக் கிடையாது.

"பாருங்கடி இவளை! ஒட்டகம்டி இது! எல்லாரும் இவளை மாதிரி இருந்தா நான் இந்த வில்லையை அடுப்புல போட்டுருவேன்" என்று சூப்பர்வைசர் ஒருநாள் உரக்கச் சொன்னார். பேர் ஒட்டிக்கொண்டது. ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றி, இருக்கையை விட்டு எழாத உழைப்புக்கு என்று சொல்லி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஒரு பெண் நாள் முழுவதும் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதற்காக ஒரு சபையே கைதட்டியது. அவளுக்கோ வாழ்க்கையில் மேடை ஏறியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

கல்யாணமாகிப் போன வீட்டிலும் அந்தக் கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டிவைத்தாள். கணவர் பஸ் டிரைவர். "என் வண்டிக்காவது டீசல் ஊத்தணும். உனக்கு அதுவும் வேணாம்" என்று கேலி செய்வார். அடிவயிற்றில் எரிச்சல் அவ்வப்போது வரும், போகும். பொத்தான்காரிக்கும் வரும். வரிசையில் எல்லாருக்கும் வரும். எல்லாருக்கும் வருவதை யார் நோய் என்று நினைப்பார்கள்?

அவர்களுக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்தே குழந்தைக்கு இழுப்பு. குளிர் கூடினால் மூச்சு விசிலடிக்கும், உதடு நீலம் பாரிக்கும். பல ராத்திரிகள் அவளைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டே விடியவைத்தார்கள். வெயில் உள்ள இடத்துக்குப் போனால் இந்தக் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று வைத்தியர் சொன்னார். டிரைவரின் அக்கா கடல் தாண்டி ஒரு வெயில் நாட்டில் குடும்பத்தோடு இருந்தார். அக்கா வீட்டுக்காரர் சொல்லி அங்கேயே ஒரு பஸ் கம்பெனியில் டிரைவருக்கு வேலை கிடைத்தது. மூன்று பேரும் போகலாம் என்று ஆயிற்று.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். போனில் நாத்தனார் பேச, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேல்மாடி வீடு வேணாம்னு சொல்லிட்டேன். கூரைச் சூடு உயிரை வாங்கிடும். கம்பளியெல்லாம் அங்கயே யாருக்காவது குடுத்துட்டு வாங்க. பருத்தியா பாத்து எடுத்துக்கோ. பாப்பாவுக்குத் தொப்பி. ஆஸ்பத்திரி பேப்பரை மறந்துடாதே. அப்புறம் தண்ணி, இங்க வந்தா நல்லா தண்ணி குடிக்கணும்..."

"யாருக்குங்க சொல்றீங்க?" என்று பொத்தான்காரி போனுக்கு அருகில் குனிந்து கத்தினாள். "ஒட்டகத்துக்கா தண்ணி? அது இப்பதான் சொந்த ஊருக்கே கிளம்புது!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. போனுக்குள் நாத்தனாரும் சிரித்தார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொன்னதில் தலையாய விஷயம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

குடைக்கு யோசித்தார்கள், செருப்புக்கு யோசித்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு யோசித்தார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று பெட்டியைக் கட்டிக் கட்டிப் பிரித்தார்கள். உடம்புக்குள் ஏறிக்கொண்டு கூடவே வந்த பழக்கத்தை மட்டும் யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

வெயில் நாடு அவர்களை ஏமாற்றவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வந்த சில வாரங்களிலேயே குழந்தையின் இழுப்பு அடங்கியது. விடியற்காலையில் அவள் மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். விசில் இல்லை. மூச்சு தடங்கலில்லாமல் போய் வந்தது. "என்னங்க, நீங்களும் கேளுங்க" என்று கணவரை எழுப்புவாள். அவர் தூக்கக் கலக்கத்தில் காதை வைத்துவிட்டு, "வண்டி நல்லா ஓடுது. ஒரு குறையும் இல்ல" என்பார்.

அவளுக்கு ஒரு சலவை நிலையத்தில் வேலை கிடைத்தது. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்த விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுடச்சுடச் சுழலும் பெரிய உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் இஸ்திரியாகி வெளியே வரும். வெளியே வெயில், உள்ளே ஆவி. ஒருத்தி நகர்ந்தால் உருளை காத்திருக்காது, மற்றவள் கை சுடும். கழிப்பறை மாடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது. சாவி மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. திறந்து விட்டால் பெண்கள் உட்கார்ந்து கதை பேசுகிறார்களாம்.

வாசலில் தண்ணீர் டிரம் இருந்தது. உள்ளூர்ப் பெண்கள் அதில் மொண்டு மொண்டு குடித்தார்கள், சாவிக்காக மேனேஜரோடு சண்டையும் போட்டார்கள். "என்ன சார், இதுக்கும் விண்ணப்பம் எழுதணுமா?" என்று ஒருத்தி தினமும் கேட்பாள். இவளுக்கு அந்தச் சண்டை கூச்சமாக இருந்தது. வந்த இடத்தில் நல்ல பேர் எடுக்க வேண்டும். அவளுக்கு நல்ல பேர் எடுக்கத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

"புதுசா வந்த அம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்க. ஒரு நாளாவது சாவி கேட்டிருக்காங்களா?" என்றார் மேனேஜர். கடல் தாண்டி வந்தும் அதே பாராட்டு. தொழிலாளியின் உடம்பைத் தொந்தரவு என்று நினைப்பவர்களுக்கு நாடு கிடையாது.

ரவிக்கை முதுகில் உப்பு வெள்ளைவெள்ளையாகப் பூத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய ஊரில் தாகம் ஒரு மூலையில் கிடக்கும். இங்கே அது எழுந்து நின்று கத்தியது. அவள் அதைப் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டாள், ஜெயித்தாள். தலைவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டாள். முதல் கோடையில் எப்போதாவது ஒன்று. பின்வந்த கோடைகளில் தினம் ஒன்று. சிறுநீர் கறுத்த டீயின் நிறத்தில் போயிற்று. சாயங்காலம் பாதத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நின்றுகொண்டே வேலை செய்கிறோம், அதனால்தான் என்று எண்ணிக்கொண்டாள்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து தண்ணீர் பாட்டிலை நிறைய நிறையத் திருப்பிக் கொண்டுவருவாள். "அம்மா, பாத்தியா? நானும் உன்னை மாதிரி!"

"அடி என் குட்டி ஒட்டகமே" என்று அவள் மகளை அள்ளி முத்தமிடுவாள்.

நான்காவது கோடையில் ஒருநாள் விரிப்பின் முனையைப் பிடித்தபடியே சரிந்தாள். எதிர்முனையில் நின்றவள் சட்டென்று அவளைப் பிடித்து இழுத்ததால் கை உருளைக்குள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஏதோ கருவியை ஓட்டிப் பார்த்தார்கள். பெண் டாக்டர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் டிரைவர் நின்றார்.

"வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?"

"குடிக்கவே மாட்டேன் டாக்டர்" என்றாள் அவள். அந்தக் களைப்பிலும் முகத்தில் ஒரு வெளிச்சம். "இவர்கிட்ட கேளுங்க. பழைய ஊர்ல எனக்குப் பரிசே குடுத்தாங்க."

டாக்டர் கையிலிருந்த ரத்த ரிப்போர்ட்டை மறுபடியும் புரட்டிவிட்டு டிரைவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில்தான் டிரைவருக்கு விஷயம் புரிந்தது. அவளுக்கு இன்னும் புரியவில்லை. டாக்டர் என்ன சொல்லிப் பாராட்டப்போகிறார் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. வருஷக்கணக்காகக் காய்ந்து, மேலே மாத்திரையும் விழுந்து, வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. இனி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ரத்தத்தை இயந்திரம்தான் சுத்தம் செய்யும். டாக்டர் மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னார். கடைசியில்தான் அந்தச் சேதி வந்தது.

"இனிமே நீங்க இஷ்டத்துக்குத் தண்ணி குடிக்க முடியாதும்மா. உடம்பால வெளியேத்த முடியல. குடிச்சா நுரையீரல்ல சேந்துரும். ஒரு சின்ன பாட்டில்தான், அதுவும் நாள் பூராவுக்கும்."

அப்போதுதான் அவள் அழுதாள். "டாக்டர், எனக்கு இப்ப தாகமா இருக்கே" என்றாள்.

நாத்தனார் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். "நேரம் சரியில்ல. வேற என்னத்தச் சொல்ல" என்று மூக்கைச் சிந்தினார். நம் ஜனங்களுக்கு இது ஒரு வசதி. ஒரு மரவில்லையும் ஒரு சாவியும் சேர்ந்து செய்த காரியத்தை நேரத்தின் தலையில் கட்டிவிட்டால், யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

டிரைவர் கேட்கப் போனார். மறுநாள் சலவை நிலையத்து மேனேஜர் அவரை உட்காரச் சொல்லி, மெய்யான வருத்தத்தோடுதான் பேசினார்.

"தங்கமான உழைப்பாளிங்க உங்க வீட்டம்மா. ஆனா ஒண்ணு. நாங்க யாரையும் தடுத்ததில்லையே. சாவி இங்கதான் தொங்குது. அவங்க கேக்கவே இல்ல."

"கேக்காததுக்குத்தானே சார் பாராட்டினீங்க?"

மேனேஜர் விசிறியைப் பார்த்தார். டிரைவர் எழுந்து, ஆணியிலிருந்த சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அன்று வண்டி ஓட்டுகிறபோதெல்லாம் அது நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. சலவை நிலையத்தில் பூட்டை உடைத்தார்கள், புதுப் பூட்டு வாங்கினார்கள். புதுச் சாவி அதே ஆணியில் தொங்கியது. உருளையில் அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

வீட்டுக்கு வந்தபின் நாத்தனார் பேச்சை எடுத்தார். "குளிர் ஊருக்கே திரும்பிப் போயிடும்மா. அங்க தாகம் தெரியாது. இந்த வெயில்ல, வாயைக் கட்டிக்கிட்டு, எப்படி இருப்பே நீ?"

"போனா பாப்பா என்ன ஆவா, அண்ணி?"

பக்கத்து அறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சில் சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் அது போதுமாயிருந்தது.

"நான் இங்கயே இருந்துடறேன்" என்றாள் அவள்.

அப்படித்தான் இருக்கிறாள். இயந்திரத்தில் படுக்காத நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரத் துணியால் உதட்டை ஒற்றிக்கொள்கிறாள். தெருக்குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள். பாட்டிலில் உள்ளதை ஒரு நாளுக்கு இழுக்க வேண்டும். எந்த வேளைக்கு எந்த வாய் என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடிக்கிறாள். இருக்கையை விட்டு எழாததற்குக் கொடுத்த அதே கடிகாரம். கணவர் அதைக் கழற்றி எறியப் போனார். "வேணாங்க. நல்லா ஓடுது" என்று தடுத்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இவள் பாட்டிலை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது.

"என்னடி இது?"

"குடிச்சா வெளிய போகணும்மா. பீரியட் நடுவுல எழுந்தா டீச்சர் எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. பசங்க சிரிப்பாங்க."

மகளை இழுத்து எதிரில் நிறுத்தினாள்.

"சிரிக்கட்டும். நீ கையைத் தூக்கு. விடலைன்னா எழுந்து போயிடு. திட்டினா, எங்கம்மா வந்து பேசுவாங்கன்னு சொல்லு. நான் வருவேன். ஊசி குத்தின கையோட வந்து நிப்பேன். கேட்டுச்சா?"

மகள் மிரண்டுபோய்த் தலையாட்டினாள்.

"இப்ப குடி. என் முன்னாடி குடி."

மகள் பாட்டிலைச் சாய்த்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்க இறங்க அந்தச் சின்னக் கழுத்து ஏறி இறங்கியது. அவள் ஒவ்வொரு விழுங்கையும் பார்த்தாள். அவளையறியாமல் அவளுடைய தொண்டையும் வெறுமனே ஏறி இறங்கியது.

"உனக்கும்மா?" என்று மகள் பாட்டிலை நீட்டினாள்.

அவள் சுவரைப் பார்த்தாள். அடுத்த வாய்க்கு இன்னும் நேரமாகவில்லை.

"நீயே முடிச்சிடு, கண்ணு" என்றாள்.