வேலப்பன்சாவடி என்று ஒருத்தி

மூன்று கோடைகளுக்கு முன்பு, கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மே மாதத்துப் பிற்பகல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் மேல்மாடி ஜன்னல் ஓரமாக நின்று, டீ ஆறுவதுகூடத் தெரியாமல், போனில் மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேகத்தை வானத்தில் பார்க்காமல் போனில் பார்ப்பார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் கூட்டம் அப்படித்தான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி சுற்று வட்டாரத்தில் மழைப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மதியம் ஆனால் போதும், ராடார் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். மேற்கே, அரக்கோணம் பக்கம் பச்சையாக ஒரு புள்ளி முளைக்கும். அது மஞ்சளாகி, சிவப்பாகி, கிழக்கே நகர ஆரம்பித்தால் குழுவில் திருவிழாதான். வானிலை மையத்தின் இடிமழை எச்சரிக்கை வந்தால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள். நாங்களோ, "கல்யாணப் பத்திரிகை வந்துடுச்சு, மாப்பிள்ளை வர்றாரான்னு பார்ப்போம்" என்று எழுதுவோம். பாதி நாள் மாப்பிள்ளை திருவள்ளூரிலேயே கரைந்துபோவார். பத்திரிகை மட்டும் தினமும் வரும்.

எங்களுக்குள் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, மேகம் கறுத்தால் மொட்டைமாடியில் துணி காயப்போட வேண்டும். துணி காய்ந்தால்தானே மழைக்குப் பொறுக்காது! இன்னொன்று, யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த ஊரோ அதுதான் பெயர். நான் 'அம்பத்தூர்'. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் கணவர் வேலை பார்க்கும் ஓர் அக்கா 'நெமிலிச்சேரி'. யார் எங்கிருந்து மழையைச் சொல்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஆள் யார் என்பது இல்லை.

அந்தக் குழுவில் எனக்கு மிகவும் பிடித்தவள் 'வேலப்பன்சாவடி'. என் வயதுதான் இருப்பாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருந்தாள். அந்த வருடம் எல்லோர் தலையிலும் ஒரு முறையாவது கொட்டிய மழை, அவள் மாடியை மட்டும் தொடவே இல்லை. வலதுபுறம் போகும், இடதுபுறம் போகும். "எங்க ஊர்லதான் மழை இல்லன்னு இங்க வந்தேன். இங்கயும் என்னையக் கண்டா சுத்திப் போவுதே!" என்று குரல் பதிவு போடுவாள். ஒரு வாரமாகக் கொடியில் துணி தொங்குவதாகச் சொல்வாள். வண்டிப் பெட்டியில் கோடை முழுக்க ஒரு நீல நிற ரெயின்கோட் வைத்திருந்தாள். "மே மாசத்துல ரெயின்கோட்டோட சுத்துற ஒரே ஆள் நீதாம்மா" என்று நெமிலிச்சேரி அக்கா கிண்டலடிப்பார். "வரும்போது ரெடியா இருக்கணும்லாக்கா" என்பாள். நாங்கள் இருவரும் நேரில் பார்த்ததில்லை. முதல் பெருமழையை அவள் மாடியில் சேர்ந்து பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா சித்தாள். வீடு கட்டும் இடங்களில் கலவைச் சட்டி சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கர்வமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். எனக்கு வேலை கிடைத்ததும், "போதும்மா, வீட்டில் இரு" என்றேன். "ஊட்ல குந்திகினு இன்னா பண்ணச் சொல்ற? செவுத்தப் பாத்துகினு இருக்கவா?" என்று கேட்டுவிட்டுத் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று நசரத்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குத் தளம் போடுகிறார்கள், வர நேரமாகும் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மதியம் எச்சரிக்கை வந்தது. மாப்பிள்ளைக் கதையை எல்லோரும் எழுதினோம். ராடாரில் திருவள்ளூருக்கு மேற்கே ரத்தச் சிவப்பில் ஒரு திரள். நடுவில் ஊதா நிறம்கூட இருந்தது. அது ஆலங்கட்டிக்கு அடையாளம். திரும்பத் திரும்பப் பார்த்தேன். திரள் நின்ற இடத்திலேயே நின்றது. நகரவே மாட்டேன் என்கிறதே, இங்கே வருவதற்குள் வலுவிழந்துவிடுமோ என்று கவலைப்பட்டேன். 'வா, வா' என்று மனதுக்குள் கெஞ்சவும் செய்தேன்.

அப்போது நெமிலிச்சேரி அக்கா எழுதினார்: "காத்து திரும்பிடுச்சு. சில்லுன்னு அடிக்குது. பக்கத்து வீட்டுத் தகரம் பறந்து போகுது. இது விளையாட்டு மழை இல்ல, பார்த்து இருங்க."

நெமிலிச்சேரியிலா? படத்தில் இன்னும் திருவள்ளூரைத் தாண்டவில்லையே? அப்புறம்தான் படத்தின் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். ராடார் தளம் புதுப் படம் எதுவும் வராமல் எப்போதோ நின்றுபோயிருந்தது. நான் இவ்வளவு நேரமும் பழைய படத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மேற்கு வானம் கருநீலமாக இறங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

போன் வரைபடத்தில் திருவள்ளூரிலிருந்து நெமிலிச்சேரிக்கு விரலால் கோடு இழுத்தேன். அதே திசையில் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். விரல் நசரத்பேட்டையில் போய் நின்றது.

அம்மாவுக்குப் போன் அடித்தேன். ரிங் போனது; எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அம்மாவின் போன் சாப்பாட்டுக் கூடைக்குள், கீழே வாட்ச்மேன் கொட்டகையில் இருக்கும். மேஸ்திரியின் எண் என்னிடம் இல்லை. நான் கிளம்பினாலும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சுற்றிலும் வெட்டவெளி, நடுவில் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைத் தளம், அதன் மேல் என் அம்மா.

குழுவில் எழுதினேன்: "நசரத்பேட்டை பக்கத்துல யாராவது இருக்கீங்களா? எங்க அம்மா அங்க மாடியில கான்கிரீட் வேலையில இருக்காங்க. போன் எடுக்கல." அம்மா என்ன வேலை செய்கிறார் என்று குழுவில் நான் எழுதியது அதுதான் முதல் முறை. மறைத்ததில்லை. அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உடனே வேலப்பன்சாவடியின் குரல் பதிவு வந்தது. பின்னால் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம். "நான் போறேன். இடத்தை மட்டும் சொல்லுங்க. அம்மா பேரு என்ன?"

பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால், பச்சை வலை கட்டிய கட்டடம் என்றேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஒரு கோடை முழுக்கக் காத்திருந்த மழை தன் மாடியைத் தேடி வரும் நேரத்தில், வேலப்பன்சாவடி அந்த மழைக்கு எதிரே வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

அங்கே நடந்ததை அம்மா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் மூன்று மாடி ஏறி வந்து, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். எல்லோரும் உடனே இறங்க வேண்டும், பெரிய இடி வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தளத்தைப் பாதியில் நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாமல், பின்னால் அந்த இடத்தில் ஒழுகும்.

"இந்தாம்மா, யாரு நீ? கான்கிரீட்டப் பாதில நிறுத்தினா ஓனருக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?"

அவள் போனில் எச்சரிக்கையைக் காட்டியிருக்கிறாள்.

"இது டெய்லிதான் வருது. மழ வந்துச்சா? போம்மா, வேலயப் பாத்துகினு."

அவள் போகவில்லை. தளத்தில் நடக்கப் போட்டிருந்த பலகையின் மேல் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "சரி அண்ணாச்சி, நானும் இங்கனயே இருக்கேன். நீங்க எல்லாரும் இறங்குனாத்தான் நானும் இறங்குவேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அப்புறம் அவள் அம்மாவைப் பார்த்து, "உங்க பொண்ணுதான் அனுப்பிச்சாங்க. அம்பத்தூர்ல இருந்து பார்த்துட்டு ரொம்ப பயந்துட்டாங்க" என்றிருக்கிறாள்.

அம்மா சட்டியைக் கீழே வைத்தார்.

"இன்னா, நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாராம் மேஸ்திரி.

"எம்பொண்ணு படிச்சவ மேஸ்திரி. அது பயந்துச்சுன்னா சும்மா பயப்படாது. நீ என் கூலியப் புடிச்சிக்கோ, நான் எறங்குறேன். ஏ, வாங்கடி!"

அம்மா இறங்க, மற்றப் பெண்கள் பின்னாலேயே இறங்கினார்கள். சட்டி தூக்க ஆள் இல்லாமல் ஆண்களும் இறங்கினார்கள். கடைசியாக மேஸ்திரி திட்டிக்கொண்டே இறங்கினார். தளத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் எழுந்தாளாம்.

எனக்கு "இறங்கியாச்சு" என்று ஒற்றை வார்த்தை வந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என்ன இடி அது! நான் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

அங்கே காற்று வந்து மோதிய வேகத்தில், கலவையை மேலே ஏற்றும் லிஃப்ட்டின் இரும்புச் சட்டம் கயிறு அறுந்து தளத்தின் மேலேயே சாய்ந்தது. பெண்கள் வரிசையாக நின்று சட்டி வாங்கும் இடம் அதுதான். எல்லோரும் கீழே வாட்ச்மேன் கொட்டகையில் ஒண்டியிருந்தார்களாம். மழை விட்டதும் மேஸ்திரி ஒரு டீ வாங்கி வந்து அந்தப் பெண்ணிடம் நீட்டி, "குடிம்மா" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று மாலை அம்மா ஒரு நீல நிற ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். தூறல் நிற்காததால் அவள் கழற்றி மாட்டிவிட்டிருக்கிறாள். அவள் நனைந்துகொண்டே திரும்பிப் போயிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு பேரு இன்னாமே?" என்று அம்மா கேட்டார்.

"வேலப்பன்சாவடி."

"அது ஊர்டி. பேரக் கேட்டேன்."

என் அம்மாவின் பெயரை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை.

மறுநாள் பேசினேன். நன்றி சொல்ல விடவில்லை. "என் மாடியிலயும் செம மழையாம், பக்கத்து ஃப்ளாட்டுல சொன்னாங்க. நான்தான் இல்லாமப் போயிட்டேன்! கொடியில கெடந்த துணியெல்லாம் தெருவுல" என்று சிரித்தாள். ரெயின்கோட்டைத் திருப்பித் தர வருகிறேன் என்றேன். "இருக்கட்டும். அடுத்த பெரிய மழைக்கு வந்து வாங்கிக்கிடுதேன். அம்மா கையால சாப்பிட்டுட்டு, உங்க மாடியிலயே பார்ப்போம்" என்றாள். அந்த மகிழ்ச்சியில் பெயர் கேட்க மறந்தேன். இனிமேல்தான் நிறைய நாள் இருக்கிறதே என்ற நினைப்பு.

அதற்குப் பின் அந்தக் கோடையில் பெரிய மழையே இல்லை. ஆடி பிறப்பதற்குள் அவள் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். "ஊருக்குப் போறேன். எல்லாரும் நனைங்க" என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து போனாள். சில வாரங்கள் பேசினோம், அப்போதும் எனக்கு அவள் வேலப்பன்சாவடிதான். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கோவில்பட்டிப் பக்கம் என்பது ஒன்றுதான் தெரியும். எந்த ஊர் என்று தெரியாது. ஊர்ப் பெயரை வைத்து ஆளைக் கூப்பிட்ட எங்களுக்கு, ஆளைத் தேட ஒரு பெயர் இல்லை. எங்கள் ராடாரின் வட்டமும் அவ்வளவு தெற்கே எட்டாது.

போன வருடம் வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு தம்பி குழுவில் சேர்ந்தார். வழக்கப்படி ஊர்ப் பெயரைக் கேட்டார். "அந்தப் பேர்ல ஆள் இருக்காங்க" என்று நெமிலிச்சேரி அக்கா எழுதிவிட்டார். யாரும் மறுக்கவில்லை. அந்தத் தம்பியைப் பக்கத்துத் தெருவின் பெயரால் கூப்பிடுகிறோம்.

இப்போதும் மே மாதம் எச்சரிக்கை வந்தால் நான் முதலில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன், பிறகுதான் போனை. அம்மா இப்போது தளத்து வேலைக்குப் போவதில்லை. மேற்கே கறுத்தால் மாடிக்குப் போய், மற்றத் துணிகளை எடுத்துவிட்டு, அந்த நீல ரெயின்கோட்டை மட்டும் கொடியில் போட்டுவிட்டு வருகிறார். "நனையுறதுக்குன்னே கீது அது. கெடக்கட்டும். மழயப் பாத்துகினு அந்தப் பொண்ணு வந்தாலும் வரும்" என்கிறார். எத்தனையோ மழை வந்துவிட்டது, அந்த ரெயின்கோட்டும் எத்தனையோ முறை நனைந்து காய்ந்துவிட்டது. ஆனால் நாங்கள் சேர்ந்து பார்ப்பதாகச் சொன்ன அந்த அடுத்த பெரிய மழை மட்டும் இன்னும் வரவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.